ஜெபா மூடிவைத்த கண்

கடப்பாக்கத்தில் கடலோரம் இறால் குஞ்சு பொரிக்கும் அந்த ஹேச்சரியில் ஜெபா எண்ணிவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. இறால் குஞ்சு வாங்க வேதாரண்யத்திலிருந்தும் நெல்லூரிலிருந்தும் வண்டி போட்டுக்கொண்டு வரும் பண்ணைக்காரர்கள் முதலாளியை நம்ப மாட்டார்கள், மேற்பார்வையாளர் கலைவாணனை நம்ப மாட்டார்கள், ஜெபாவை நம்புவார்கள். தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு வெள்ளை பேசினில் ஊற்றுவாள். குட்டிக் கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுப்பாள். குஞ்சு என்று பெயர்தானே தவிர, அது ஒரு துண்டு நூல். உடம்பு தண்ணீர் நிறம். கண் இருக்கும் இடத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியைப் பிடித்துத்தான் எண்ண வேண்டும், அதுவும் அது துள்ளிக்கொண்டிருக்கும்போதே. அந்த ஒரு கிண்ணத்தில் எத்தனை என்று ஜெபா சொல்வதுதான் வண்டியில் ஏறும் அத்தனை பைகளுக்கும் கணக்கு.

இத்தனைக்கும் அவளுக்கு இருந்தது ஒரே கண். சர்க்கரை வியாதி வந்து பத்து வருஷம் கவனிக்காமல் விட்டதில் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, வெளிச்சம் மட்டும் தெரியும் ஜன்னலாகிவிட்டது. அப்போதும் அவள் டாக்டரிடம் போகவில்லை. “எண்றதுக்கு ஒண்ணு போதும்” என்று சொல்லி வலது கண்ணை வைத்தே எண்ணினாள், முன்னைவிடச் சுத்தமாக எண்ணினாள். ‘ஒத்தக்கண்ணு ஜெபா’ என்ற பெயர் அவளுக்குப் பட்டம் மாதிரி ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

நல்ல மனசுக்காரி என்று எழுத ஆசைதான். எழுதினால் கடப்பாக்கமே சிரிக்கும். அவளிடம் எண்ணக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஆறு பேர் அழுதுகொண்டே ஓடிப்போனார்கள். ஏழாவதாக வந்த ஷாரோன் மட்டும் ஓடவில்லை. மதுராந்தகத்தில் பி.எஸ்சி. முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவள். அந்தப் பெண்ணை ஜெபா ஒரு நாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“ஏய் டிகிரி! ரெண்டு கண்ணு வெச்சிகினு இன்னாடி பண்ற? நான் ஒத்தக் கண்ணுல பாக்கறத நீ ரெண்டு கண்ணுலயும் பாக்க மாட்டேன்ற. ஒண்ணத் தோண்டிக் குடுத்துடு, எனக்காவது ஆவும்.”

பண்ணைக்காரர்கள் எதிரிலேயே சொல்வாள். அவர்களும் சிரிப்பார்கள். ஷாரோன் பேசினைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போவாள்.

ஜனவரியில் ஒரு காலை, பேசினின் நடுவில் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. ஜெபா பேசினைத் தேய்த்துக் கழுவினாள். திட்டு போகவில்லை. வேறு பேசின் எடுத்தாள், அதிலும் நடுவில் அதே திட்டு. குஞ்சுகள் நீந்தி நீந்தி அதற்குள் போய்க் காணாமல் போயின, இன்னொரு பக்கம் வெளியே வந்தன. அவள் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் எண்ணப் பார்த்தாள். அன்றைக்குக் கணக்கு குறைந்தது. கரண்டியை ஷாரோன் மேல் வீசி எறிந்து, “பேசினக் கழுவத் துப்பில்ல ஒனக்கு” என்று கத்தினாள். அந்தப் பெண்ணின் நெற்றியில் பட்டுக் கிழிந்து வீங்கிவிட்டது. ஜெபாவுக்கு அது வருத்தமாக இல்லை; பயமாகத்தான் இருந்தது. அந்தக் கண்ணும் போனால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது.

அவள் புருஷன் ஆபிரகாம் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். வாழ்நாளில் அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். அந்த வாரம் சோற்றுக் கரண்டியின் கைப்பிடியை அவள் இரண்டு தரம் தவறவிட்டதைப் பார்த்துவிட்டு, “கெளம்பு, செங்கல்பட்டு போலாம்” என்றான். அவளும் ஆச்சரியமாக, வாயைத் திறக்காமல் கிளம்பினாள்.

அங்கே ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் டாக்டர் சுராயா பார்த்தார். சின்ன வயசு, பொறுமையான பேச்சு, வெளியே வரிசையில் எண்பது பேர். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் படம் எடுத்து, திரையைத் திருப்பிக் காட்டினார்.

“உங்க கண்ணுக்குப் பின்னாடி விழித்திரைன்னு ஒரு சவ்வு இருக்கும்மா. அதுக்கு ரத்தம் கொண்டுபோற சின்னக் குழாய்ங்க சர்க்கரையால அடைச்சிருக்கு. ஆக்சிஜன் பத்தல. அதனாலதான் நடுவுல வீங்கியிருக்கு. ஊசி போட்டா வீக்கம் வத்தும். ஆனா மாசா மாசம் வரணும், நான் நிறுத்தச் சொல்றவரைக்கும். விட்டா வேற மாதிரி ஆயிடும்.”

“ஊசி எங்க போடுவீங்கோ?”

“கண்ணுலதான்.”

ஜெபா முந்தானையால் அந்தக் கண்ணை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். அப்புறம், “போடு” என்றாள்.

சொட்டு மருந்து ஊற்றி மரத்துப்போக வைத்து, இமையை ஒரு கம்பியால் விரித்து வைத்து, வெள்ளை விழியில் போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. ஊசிக்குக் காசும் வாங்கவில்லை. பிப்ரவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்று. மூன்றாவது முடிந்த வாரம் பேசின் முழுக்கப் பளிச்சென்று வெளுத்துவிட்டது. குஞ்சின் மீசை தெரிந்தது, காலை அடித்துக்கொள்வது தெரிந்தது. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. நெல்லூர்க்காரர் ஒருவர் எதிரில் நாலு கிண்ணம் எண்ணி, ஒவ்வொன்றையும் ஷாரோனை விட்டுத் திரும்ப எண்ணச் சொல்லி, ஒரு குஞ்சுகூட வித்தியாசம் வராததைக் காட்டினாள்.

இந்த இடத்தில்தான் அவள் புத்தி வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம்.

ஹேச்சரியில் பை கட்டுவது எப்படி என்றால், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குஞ்சைப் போடுவார்கள். மீதி இடத்துக்குச் சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அடித்து, வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவார்கள். அடித்த காற்று அவ்வளவுதான். வழியில் யாரும் நிரப்ப முடியாது. அதனால் பையைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் ஐஸ் வைத்து, இருட்டாக மூடி அனுப்புவார்கள். இருட்டிலும் குளிரிலும் குஞ்சு துள்ளாது. துள்ளாத குஞ்சு மூச்சு அதிகம் எடுக்காது. எட்டு மணி நேரத்துக்கு அடித்த காற்று பன்னிரண்டு மணி நேரம் வரும். பதினேழு வருஷமாக ஜெபா இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கண்ணுக்கு ஆக்சிஜன் பத்தவில்லை என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டதும் கண் தெளிந்தது. அப்படியானால் ஊசியில் அடைத்து அனுப்பியது என்ன? ஹேச்சரியில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். ஜெபா கேட்கக்கூட இல்லை. கண்ணும் ஒரு பைதான் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு ஊசி ஒரு மாசம் வரும் என்றால், அது கண்ணைத் திறந்துபோட்டு வீணடிக்கிறவர்களுக்கு. பாதி நேரம் இருட்டில் மூடி வைத்தால் இரண்டு மாசம் வராதா என்ன?

பழைய குடைத்துணியை நாலாக மடித்து, நாடா தைத்து, ஒரு கட்டு செய்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்து வாசலைத் தாண்டியதும் வலது கண்ணில் கட்டிக்கொள்வாள். மேலே ஒரு ஈரத்துணி, குளிர்ச்சிக்கு. காலை ஏழு மணிக்கு ஹேச்சரி வாசலில்தான் அவிழ்ப்பாள். நடுவில் வீடு, சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் அந்த உதவாத இடது கண்ணோடுதான். ஆபிரகாம் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தான். குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்தது. ஒரு தரம் கொதிக்கிற கஞ்சியை அவன் கைமேல் வடித்துவிட்டு, “எட்ட நிக்க மாட்டியா? நான் கண்ணு கட்டிகினு கீறது தெரியல?” என்று அவனையே திட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் கட்டோடுதான் போனாள். பாஸ்டர் கேட்டதற்கு, “காத்து சேத்து வெக்கிறேன் பாஸ்டர்” என்றாள். அவர் வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு ஜெபித்துவிட்டுப் போய்விட்டார்.

மே மாசம் குஞ்சு ஓட்டம் அதிகம். தினமும் மூன்று வண்டி. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

“போன வாரமே ஊசிக்கு வந்திருக்கணும்மா.”

“எனக்கு இன்னும் ஸ்டாக் கீதும்மா. தீந்தா நானே வர்றேன்.”

நர்ஸ் என்ன சொல்வது என்று தெரியாமல், கண்டிப்பாக வாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஜூனிலும் ஒரு போன் வந்தது. அதை ஜெபா எடுக்கவே இல்லை. ஆபிரகாம் மட்டும் ஒரு தரம், “ஒரு எட்டு போயி காட்டிட்டு வந்துடலாம்” என்றான். கட்டுக்குக் கீழே அவள் உதடு கோணியது. “தண்ணித் தொட்டி ரொம்பினா தெரியாத ஆளு நீ, எனக்கு ரோசனை சொல்றியா?” அவன் அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும். தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டாவது போயிருக்க வேண்டும்.

பதினாலு மணி நேரம் மூடி வைக்கிற கண்ணில் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? காலையில் அவிழ்த்தால் கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள். ஜூலை முதல் வாரம் பேசினில் குஞ்சுகள் நன்றாகவே தெரிந்தன. முன்னைவிடக் கறுப்பாக, முன்னைவிட நீளமாகத் தெரிந்தன. நிறையவும் தெரிந்தன. “இந்த வாட்டி குஞ்சு தெம்பா கீது” என்று கலைவாணனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். கிண்ணத்துக்கு ஐந்நூறு என்றாள், ஐந்நூற்று இருபது என்றாள்.

ஷாரோன் அருகில் வந்து நின்றாள். “அக்கா, அந்தக் கிண்ணத்துல அவ்ளோ இல்லக்கா. நான் எண்ணிப் பாக்கட்டுமா?”

“டிகிரி எண்ணுமா? போயி தரையக் கழுவு.”

மூன்றாம் நாள் வேதாரண்யத்திலிருந்து பண்ணைக்காரர் போன் போட்டுக் கத்தினார். கிண்ணத்துக்கு ஐந்நூறு என்று சொன்ன இடத்தில் முந்நூற்றைம்பதுதான் இருக்கிறது, பத்து பை எண்ணிப் பார்த்துவிட்டேன், உங்கள் ஹேச்சரிக்கு இனி வண்டி வராது என்றார். பதினேழு வருஷத்தில் ஜெபா கணக்கைப் பற்றி இப்படி ஒரு போன் வந்தது இதுதான் முதல் தடவை. கலைவாணன் முதலில் அதை நம்பவில்லை. கெட்டவன் இல்லை அவன். ஆனால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவன். ஷாரோனைக் கூப்பிட்டு, அக்காவைச் சோதிக்க என்ன செய்யலாம் என்று கேட்டான். ஷாரோனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆறு மாசமாக நெற்றித் தழும்போடு கண்ணாடி பார்க்கிறவள்.

மறுநாள் காலை பை கட்டுகிறவர்கள், டிரைவர்கள், நெல்லூரிலிருந்து வந்த இரண்டு பேர் எல்லாரும் கூடி நிற்க, ஷாரோன் ஒரு பேசினைக் கொண்டுவந்து ஜெபா எதிரில் வைத்தாள்.

“இத்த எண்ணுக்கா” என்றான் கலைவாணன்.

ஜெபா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள். ஐந்து, பத்து, பதினைந்து. கறுப்பு நூல்கள் நீந்தின, அவள் கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் கூட்டமாக நீந்தின. ஒதுக்கினாலும் ஒதுங்க மாட்டேன் என்று திரும்பி வந்தன. ரொம்பத் துடியான குஞ்சு என்று நினைத்துக்கொண்டாள். பொறுமையாக முடித்து நிமிர்ந்தாள்.

“கொஞ்சமாத்தான் ஊத்திகீற. நாப்பத்தி மூணு.”

ஷாரோன்தான் சொன்னாள், சத்தம் உயர்த்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படி.

“அது வெறும் தண்ணிக்கா. ஒரு குஞ்சுகூட இல்ல.”

முதலில் ஒரு டிரைவர் சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். “வெறும் தண்ணிலயே பொரிக்க வெக்கிறாங்கடா அக்கா, இன்னாத்துக்கு ஹேச்சரி?” என்றான் இன்னொருவன். ஜெபா குனிந்து பேசினுக்குள் கையை விட்டாள். விரலை அகல விரித்துத் தண்ணீருக்குள் துழாவினாள். கையில் ஒன்றும் படவில்லை. கறுப்பு நூல்கள் மட்டும் விரலுக்கு மேலே நீந்திக்கொண்டே இருந்தன. கலைவாணன் ஷாரோனைத் திட்டுவது போல ஏதோ சொன்னான். ஆனால் அன்றைய மூன்று வண்டிக்கும் ஷாரோன்தான் எண்ணினாள், அதற்கு அடுத்த நாளும் அவள்தான்.

அன்று மதியமே கண் மொத்தமாகச் சிவந்து இருண்டது. ஆபிரகாம் வண்டி பிடித்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனான். கண்ணுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது; அவள் எண்ணிய கறுப்பு நூலெல்லாம் அதன் கசிவுதான். ஒரு ஆபரேஷன் செய்தார்கள், பத்து நாள் கழித்து இன்னொன்று. ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் சுராயா அவளை உட்கார வைத்து, இடது கண்ணை மூடிவிட்டு, வலது கண்ணுக்குள் விளக்கடித்தார்.

“வெளிச்சம் தெரியுதாம்மா?”

“எப்ப அடிப்பீங்கோ?”

டாக்டர் விளக்கை அணைத்துக் கீழே வைத்தார். ஆபிரகாம் மூலையில் நின்றுகொண்டு, குடைத்துணிக் கட்டு பற்றி, ஈரத்துணி பற்றி, ஸ்டாக் பற்றி எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னான். டாக்டர் நாற்காலியை ஜெபா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஊசில ஆக்சிஜன் இல்லம்மா” என்றார். “மூச்சு முட்டற கண்ணு, புது ரத்தக்குழாய் வேணும்னு ஒரு ரசாயனத்தை அனுப்பிக் கூப்பிடும். அதைக் கேட்டு வளர்ற குழாய்ங்க நல்ல குழாய் இல்ல, உடைஞ்சு ரத்தம் கொட்டும். ஊசி அந்தக் கூப்பாட்டை மட்டும்தான் அடக்கும். மருந்து தீந்தா மறுபடியும் கூப்பிடும். அதுக்குள்ள ஓரத்துல லேசர் வெச்சிருக்கணும். ஓரத்துல இருக்கறதைக் கொஞ்சம் சுட்டுட்டா மூச்சு வாங்கற ஆளு குறையும், மிச்சத்துக்கு இருக்கற ஆக்சிஜன் போதும்.”

ஜெபா தலையைத் தூக்கினாள். “நெரிசலா கீற தொட்டில பாதி குஞ்ச வெளிய எடுத்துட்றது.”

“அதேதான்மா.”

“அட பாவமே. இத்த மொதல்லயே சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே.”

“நாலாவது தடவை வரும்போது சொல்லலாம்னு எழுதி வெச்சிருந்தேன். நீங்க வரல.”

சொல்லிவிட்டு டாக்டர் குனிந்து சீட்டைப் பார்த்தார்; எண்பது பேர் வரிசையில் முதல் நாளே சொல்லாமல் விட்டது அவர் நெஞ்சில் குத்தியிருக்க வேண்டும். ஜெபா கேட்டாள்.

“கட்டி வெச்சது தப்பா?”

“கண்ணு போனதுக்கு அது காரணமில்லம்மா. ஊசிக்கு வராததுதான் காரணம்.”

“அத்த வுடு. இருட்டுல கெடந்தா கம்மியாத்தான மூச்சு எடுத்திருக்கும்? அதையாவது சொல்லு.”

டாக்டர் சுராயா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆபிரகாம் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவது போலப் பார்த்தான். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லியே பழகியவர் அவர்.

“கண்ணு மட்டும் நேர்மாறும்மா. வெளிச்சத்துல கம்மியா எடுக்கும். இருட்டுலதான் விழித்திரை ஆக்சிஜனை அதிகமா இழுக்கும்.”

ஜெபாவின் விரல்கள் புடவை மேல் ஒவ்வொன்றாக மடிந்தன. சாயங்காலம் ஐந்திலிருந்து காலை ஏழு வரை பதினாலு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நாள் முழுக்க. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. வாய்க்குள் முணுமுணுத்து முடித்தாள். எத்தனை வந்தது என்று அவள் சொல்லவில்லை.

“இப்ப இந்தக் கண்ணுக்கு எந்நேரமும் இருட்டுதான. அப்ப அது எந்நேரமும் காத்து கேட்டுகினே கெடக்குமா உள்ள?”

“இல்லம்மா.” டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “கேக்கறதுக்கு அங்க எதுவும் உயிரோட இல்ல.”

“அப்ப சரி” என்றாள் ஜெபா. கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். ஆபிரகாம் ஓடி வருவதற்குள், வாசல் அந்தப் பக்கம் என்று நினைத்து, நேராகச் சுவரைப் பார்த்து நடந்தாள்.